மழை மலருக்கு ஒரு குடை

வெளியே செருப்போடு தார் ஒட்டிக்கொள்ளும் வெயில். அந்த மாத இதழ் அலுவலகத்தின் கூடத்தில் மட்டும் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆசிரியர் ஜன்னல் திரைகளையெல்லாம் இழுத்து மூடிவிட்டு, மேஜைமேல் இருந்த ஒலிப்பெட்டியில் மழைச் சத்தத்தை ஓடவிட்டிருந்தார். நடுநடுவே இடி வேறு. ஏழு பேரும் ஆவி பறக்கும் இஞ்சித் தேநீரைக் கையில் பிடித்துக்கொண்டு, கழுத்து வியர்வையைத் துடைத்தபடி, மழை மலர் வேலையைத் தொடங்கியிருந்தார்கள்.

மலர் கடைக்குப் போவதற்கு இரண்டரை மாதம் முன்பே வேலை தொடங்கியாக வேண்டும். அதனால் கோடையில் உட்கார்ந்து மழையை எழுதுவார்கள், மழையில் பனியை எழுதுவார்கள், பனியில் போர்த்திக்கொண்டு கோடையை எழுதுவார்கள். "எழுதுறவங்களுக்கு மனசுல அந்தக் காலம் வரணும்யா" என்பது ஆசிரியரின் கொள்கை. போன வருடம் கோடை மலர் வேலை நடந்தபோது, நடுங்கும் குளிரில் மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டார். மூன்று பேர் காய்ச்சலில் படுத்தார்கள். அலுவலகத்தில் அவருக்குத் தெரியாமல் அவருக்கு வைத்திருந்த பெயர் 'வானிலை'.

அந்த ஏழு பேரில் வயதில் குறைந்தவளுக்குச் சின்னவள் என்று பெயர். வீட்டில் அக்காவுக்கு அடுத்துப் பிறந்ததால் அங்கேயும் அவள் சின்னவள்தான். இருபத்தைந்து வயதாகியும் எங்கு போனாலும் அந்தப் பெயர் விடவில்லை. உதவி ஆசிரியர் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கும். வந்து குவியும் கதைகளைப் படித்துக் கழிப்பதும், தேறியதில் பிழை திருத்துவதும், பக்கத்தின் அடியில் நாலு வரி இடம் மிச்சமானால் ஒரு பொன்மொழியை உற்பத்தி செய்து ஒட்டுவதும் அவள் வேலை. எழுதுகிறவர்கள் நடுவில் இருந்தால் நமக்கும் எழுத்து வரும் என்று நம்பி வந்தவள் அவள். மிட்டாய்க் கடையில் வேலைக்குச் சேர்ந்தவனுக்கு இனிப்பைக் கண்டாலே குமட்டும் என்று யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

அந்த வாரம் மட்டும் அறுபத்திரண்டு மழைக்கதைகள் படித்திருந்தாள். நாற்பத்தொன்றில் ஒரு பெண் பேருந்து நிறுத்தத்தில் நனைந்துகொண்டு நின்றாள். அதில் முப்பத்தைந்தில் முன்பின் தெரியாத ஒருவன் குடையை நீட்டினான். மிச்சம் ஆறில் பழைய காதலன் நீட்டினான். எழுதியவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை, அது இதழின் மரபு. மழை மலரில் யாராவது யாருக்காவது குடை கொடுத்தே ஆக வேண்டும். பனி மலரில் போர்வை. கோடை மலரில் ஒரு சொம்புத் தண்ணீர். ஒரு வருடம் துணிந்து குடையில்லாத மழை மலர் போட்டதற்கு எண்பது வாசகர்கள் திட்டி எழுதினார்களாம். அந்தக் கடிதக் கட்டை ஆசிரியர் இன்னும் தூக்கிப் போடவில்லை. புதிதாக யாராவது வாயைத் திறந்தால் எடுத்து மேஜையில் வைப்பார்.

இதில் சின்னவளுக்கு வந்த பெரிய நஷ்டம் படிக்கிற சுகம் போனதுதான். பள்ளிக்கூட நாட்களில் நூலகத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து, காவலாளி விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுத் துரத்துகிற வரைக்கும் படித்தவள். இப்போது பேருந்தில் நல்ல நாவல் ஒன்றைத் திறந்தால், 'இந்த இடம் இரண்டு பக்கம் வரும், படம் வைத்தால் மூன்று' என்று மனது கணக்குப் போடுகிறது. கதாநாயகி அழுதால் ஒற்றெழுத்து விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கிறது. எரிச்சலில் புத்தகத்தை மூடிப் பைக்குள் திணித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள். யார்மேல் கோபம் என்றும் தெரியாது.

அவளிடம் ஒரு கதை இருந்தது. ஒரே ஒரு கதை. இரண்டு வருடமாக அடித்தும் திருத்தியும் பதினோரு தடவை எழுதிய கதை.

அவளுக்கு மூன்று வயதிருக்கும்போது நடந்தது. அம்மா ஒரு தையல் கடையில் காஜா போடுகிறவள். சட்டையில் பட்டன் நுழைகிற துளையைச் சுற்றி நூல் கட்டுகிற வேலை, இன்றுவரை அதேதான். அப்பா லாரியோடு எங்கோ போயிருந்தார், அக்கா பள்ளியில். கடைப் படியில் விளையாடிக்கொண்டிருந்த சின்னவள் தலைகுப்புற விழுந்து நெற்றி பிளந்துவிட்டது. அம்மா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கடைத்தெருவின் முழு நீளமும் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். நடு மத்தியானம். இரண்டு பக்கமும் கடைகள் திறந்திருந்தன. எல்லாரும் தெரிந்த முகங்கள், பாதிப் பேர் போட்டிருந்த சட்டைக்கு அவள்தான் காஜா போட்டவள். ஒருவரும் எழுந்து வரவில்லை. இரண்டு வண்டிக்காரர்கள் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, இருக்கை பாழாகும் என்று நகர்ந்துவிட்டார்கள். தெருவின் நடுவில் மருந்துக்கடை. அம்மா படியேறி நின்று, கொஞ்சம் பஞ்சு கேட்டாள். மருந்துக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழாமல், "ஆஸ்பத்திரி இன்னும் கொஞ்ச தூரம்தானேம்மா, போயிடு. இங்க தரையெல்லாம் ரத்தம் ஆகுது பாரு" என்றார். அவ்வளவுதான் கதை.

அம்மா இதை ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. எழுதட்டுமா என்று சின்னவள் கேட்டபோது கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தாள்.

"எழுதிக்கோ. யார் பேரும் போடாதே. ஆனா அந்த மருந்துக்கடைக்காரர் சொன்னதை மட்டும் அப்படியே எழுது, ஒரு எழுத்து குறையக் கூடாது" என்றாள். "உங்க புஸ்தகம் நம்ம கடைத்தெருவுல எல்லா கடையிலயும் வாங்குறாங்கல்ல?"

"வாங்குறாங்க."

"அப்ப எழுது. நான் வாயால கேட்டதில்லை. அவங்களே படிக்கட்டும்."

அம்மா தனக்கென்று சின்னவளிடம் கேட்ட ஒரே காரியம் அது. அதனாலேயே அந்தக் கதை எப்படியாவது, நடந்தது நடந்தபடியே, அச்சில் வந்துவிட வேண்டும் என்று அவள் தவியாய்த் தவித்தாள். ஒவ்வொரு மாதமும் புது இதழைக் கையில் வாங்கியதும் அம்மா கேட்பாள், "வந்திருக்கா?" இல்லை என்று சொல்லிச் சொல்லி இவளுக்கு நாக்கே தேய்ந்துவிட்டது.

வராததற்குக் காரணம் கதை நன்றாக இல்லை என்பதல்ல. ஆசிரியரே படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேட்டார், "எல்லாம் சரிம்மா. இது எந்தக் காலத்துல நடக்குது?"

"என் சின்ன வயசுல சார்."

"அதில்லைம்மா. கோடையா, மழையா, பனியா?"

மற்ற ஒன்பது மாதமும் தொடர்கதைகளுக்கே இடம் போதாது, தனிக்கதை என்றால் மூன்று மலர்களில் ஒன்றில்தான். "வெயில்னு எழுதியிருக்கேனே சார், கோடை மலர்ல போடலாமே" என்று அவள் விடாப்பிடியாகக் கேட்டுப் பார்த்தாள். "கோடை மலர்னா லீவு, ரயில், மாமரம், சொம்புல தண்ணி! ரத்தத்தைக் கொண்டுவந்து வைக்கிறியே!" என்று பதறினார். ஆக, எந்தக் காலத்துக்கும் சேராத கதை என்று ஐந்தாவது இழுப்பறைக்குப் போனது அது. அந்த இழுப்பறையில் போட்டது கிணற்றில் போட்ட கல். உள்ளே எலி மட்டும் படிக்கும்.

மழை மலர் அச்சுக்குப் போக ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு கூத்து நடந்தது. பேர் வாங்கிய எழுத்தாளர் ஒருவர் நடுப்பக்கக் கதையைத் தருகிறேன் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, கடைசியில் தொலைபேசியையே அணைத்து வைத்துவிட்டார். அதைவிடப் பெரிய தலைவலி, அந்தக் கதைக்கான படம் ஏற்கெனவே தயாராகி இருந்தது. அங்கே எப்போதும் படம் முதலில், கதை பிறகு. ஓவியர் அண்ணன் வாரத்தில் இரண்டே நாள் வருகிறவர், அதனால் எழுத்தாளர்கள் தொலைபேசியில் இரண்டு வரி சொன்னாலே வரைந்துவிடுவார். இரண்டு பக்கத்துக்கும் விரிந்த வண்ணப் படம், வண்ணப் பக்கம் என்பதால் முன்கூட்டியே அச்சிட்டும் ஆகிவிட்டது. கொட்டும் மழையில், சாத்திக்கிடக்கும் தெருவில், தோளில் ஒரு குழந்தையோடு ஒரு பெண் நடந்து போகிறாள். மேலே பெரிய ஆம்பளைக் குடை.

சின்னவள் அந்தத் தாளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். ஆசிரியரும் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம்தான் வந்தது. முதலில் சொன்னவர் அவர்.

"உன் கதையை எடுத்துட்டு வாம்மா. கொஞ்சம் மழை போட்டுடு, சரியாப் பொருந்தும்."

"அன்னைக்கு வெயில் சார். வெயில்தான் சார் கதையே."

"கதைங்கிறது அந்த அம்மாதாம்மா. வெயிலா மழையாங்கிறது பின்னாடி தொங்குற திரைச்சீலை. நடுப்பக்கம்மா! இருபது வருஷம் எழுதுறவனுக்கே கிடைக்காது. யோசிச்சுக்கோ, உன் இஷ்டம்."

உன் இஷ்டம் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவர்கள். இவளும் ஒரு பகல் முழுக்க முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க உட்கார்ந்திருந்துவிட்டு, மாலையில் பேனாவை எடுத்தாள். ஒரு வரி மாற்றினால் முடிந்தது என்றுதான் நினைத்தாள். ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான் அது. மழை என்று எழுதினால் தெருவில் ஆள் இருக்க முடியாது, ஆகவே கடைகளைச் சாத்தினாள். கடைகளைச் சாத்தினால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் போனார்கள். மழையில் வண்டிக்காரர்களுக்குக் கண் தெரியாது, அதனால் அவர்கள் ரத்தத்தைப் பார்க்கவே இல்லை. கடைசியில் அந்தக் குடை. கடையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவளுக்கு ஆம்பளைக் குடை எங்கிருந்து வரும்? யாராவது கொடுத்தால்தானே?

"உன் கதையில வேற ஒரே ஆள்தானே இருக்கார், அந்த மருந்துக்கடைக்காரர்" என்றார் ஆசிரியர். "அவர் ஓடி வந்து கொடுக்கட்டும். மழை மலருக்கு மரபும் ஆச்சு, படத்துக்கும் பொருந்திச்சு."

"சார், அவர்தான் சார் துரத்தினவர்!"

"பேரா போட்டிருக்கே? உலகத்துல ஆயிரம் மருந்துக்கடை. யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் மேலும் ஒரு நாள் முரண்டு பிடித்தாள். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனாள். 'இந்த ஒரு தடவை பேர் வந்துவிட்டால் அடுத்த கதையை நினைத்தபடி எழுதலாம்' என்று அவளுக்கு அவளே சமாதானம் சொன்னாள். எழுதுகிற ஒவ்வொருவரும் தனக்குச் சொல்லிக்கொள்கிற முதல் பொய் இதுதான், இரண்டாவது பொய் தேவைப்படுவதில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்து எழுதினாள்.

எழுதும்போது நடந்ததைத்தான் அவளால் பிறகு மன்னிக்க முடியவில்லை. அந்த வெயிலை இரண்டு வருடம் எழுத முடியாமல் திணறியவள். வெயிலில் ஒன்றுமே மறையாது, எல்லா முகத்தையும் எழுத வேண்டியிருந்தது, கல்லில் நார் உரிக்கிற வேலை. மழையோ தண்ணீர் பட்ட பாடாய் வந்தது. கூடத்தில் ஒலிப்பெட்டி இடித்துக்கொண்டிருக்க, மருந்துக்கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து குடையை விரித்த இடத்தை அவளே இரண்டு தடவை திரும்பப் படித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. நல்ல எழுத்து தானாக வரும் என்று யாரோ சொன்னது உண்மைதான் என்று பூரித்துக்கூடப் போனாள். பிறத்தியார் எழுதிய அறுபத்திரண்டு கதைகள்தான் தன் கை வழியாக வருகின்றன என்று அப்போது உறைக்கவில்லை.

மலர் வந்தது. நிஜமான மழையும் அந்த வாரம்தான் தொடங்கியது, ஆசிரியர் தன் சாதனை மாதிரி ஜன்னலைத் திறந்து காட்டினார். கடிதங்கள் குவிந்தன. கணவன் ஊரிலிருந்து அக்கா தொலைபேசியில் அழைத்து விசும்பினாள்.

"குடை கொடுக்குற இடத்துல அழுதுட்டேன்டீ. இவ்வளவு நல்ல மனுஷனா அவரு? அம்மா சொன்னதே இல்லையே?"

"அக்கா, அது..." என்று தொடங்கிய சின்னவள், அக்காவின் குழந்தை வீறிட்ட சத்தத்தில் நிறுத்திக்கொண்டாள். அவளுக்கும் நிறுத்த ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

அம்மா மூன்று சாயங்காலங்கள் எடுத்துக்கொண்டு படித்தாள். அவள் எப்போதும் அப்படித்தான், விரலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு சொல்லாக. சின்னவள் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அடிக்கடி எட்டிப் பார்த்தாள். விரல் முதல் நாள் குழந்தை விழுந்த இடத்தைத் தாண்டியது. இரண்டாம் நாள் படத்தின்மேல் வெகுநேரம் நின்றது. மூன்றாம் நாள் கடைசி வரியைத் தொட்டதும் அம்மா புத்தகத்தை மூடி மேஜைமேல் வைத்தாள்.

"நல்லா இருக்கு. யாரு இவங்க?" என்றாள்.

"என்னம்மா இப்படிக் கேக்குறே?"

"அன்னைக்கு மழை பெய்யலையே."

சின்னவள் கொட்டித் தீர்த்தாள். படம், மரபு, நடுப்பக்கம், ஒன்பது நாள், ஆசிரியர், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அதெல்லாம் பல் குச்சியை அடுக்கி வீடு கட்டுகிற மாதிரி இருந்தது. முடித்ததும் அம்மா கேட்டாள்.

"அப்போ, பட்டன் வாங்கி வச்சுட்டோம்னு சட்டையை வெட்டினீங்களா?"

"அம்மா, ப்ளீஸ். கதைன்னா அப்படித்தான். கொஞ்சம் கூட்டிக் குறைச்சு..."

"கூட்டினது சரி. அந்த ஆள் சொன்ன ஒரு வார்த்தையைத்தானேடீ கேட்டேன். அதைக் காணோமே."

"உனக்கு ஒண்ணும் புரியாது!" என்று கத்திவிட்டாள் சின்னவள். "ரெண்டு வருஷமா அலையிறேன். நடந்ததை நடந்தபடி எழுதினா எலிதான் படிக்கும். இப்ப லட்சம் பேர் படிச்சிருக்காங்க."

"படிச்சிருக்காங்க, படிச்சிருக்காங்க" என்றாள் அம்மா. ஊசியில் நூல் கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அம்மா திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

மறுநாள் சின்னவள் ஆசிரியரிடம் போய் நின்றாள். அடுத்த இதழில் ஒரு சின்ன அறிவிப்புப் போட வேண்டும் என்றாள். நாலே வரி, பக்கத்தின் அடியில் பொன்மொழி போடுகிற இடத்தில் போட்டால்கூடப் போதும். மழை மலரின் நடுப்பக்கக் கதை வெயிலில் நடந்தது, குடை யாரும் கொடுக்கவில்லை, மருந்துக்கடைக்காரர் சொன்னது இது என்று.

ஆசிரியர் முதலில் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்தினார். "திருத்தம்னா சமையல் குறிப்புக்குப் போடுவோம்மா, ஒரு கரண்டி உப்புன்னு போட வேண்டியதை ஒரு கப்னு போட்டுட்டா. கதைக்கு யாராவது திருத்தம் போடுவாங்களா? கதையில பொய்யே கிடையாது, பொருந்துறது பொருந்தாததுதான்."

"அப்ப என் பழைய கதையை, வெயில்ல நடக்குறதை, அப்படியே போடுங்க சார்."

"ஒரே கதையை ரெண்டு தடவையா? வாசகர் கல்லால அடிப்பாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார், உண்மையிலேயே பிரியமாக. "உனக்கு இப்ப ஒரு பேர் வந்திருக்கு. அதைக் கெடுத்துக்காதே. பனி மலருக்கு ஒண்ணு எழுது. ஒரு கிழவி, ஒரு போர்வை. ஓவியர்கிட்ட இன்னைக்கே சொல்லிட்டேன்."

அவர் கெட்டவர் என்றால் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்திருக்கலாம். அவர் நல்லவர் என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. சின்னவள் தன் மேஜைக்கு வந்து, பனிக்கதைக் கட்டைப் பிரித்து, முதல் கதையின் முதல் வரியிலேயே ஒருவன் நடுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அப்படியே கவிழ்த்து வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் கண்ணில் விடுகிற சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. காஜா போடுகிறவர்களுக்குக் கண் சீக்கிரம் காய்ந்துபோகும். இருவரும் கடைத்தெருவுக்குப் போனார்கள். காலையில் ஒரு தூறல் போட்டு விட்டிருந்தது. சலூன்காரர் கத்தரியோடு வாசலுக்கு வந்து "உங்களைப் பத்தி வந்திருக்கே அக்கா, படிச்சேன், படிச்சேன்" என்றார். அவர் கடை அன்றும் திறந்திருந்த கடை. பாத்திரக்கடையம்மா, "அன்னைக்கு அவ்வளவு மழையா இருந்ததால யாருக்கும் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா சும்மா விட்டிருப்போமா?" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அன்று வாசலில் நின்று பார்த்தவள். அம்மா சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே நடந்தாள்.

மருந்துக்கடைக் கண்ணாடியில், மாத்திரை விளம்பரங்களுக்கு நடுவில், அந்தப் படம் ஒட்டியிருந்தது. மழை, பெண், குழந்தை, குடை. ஓரத்தைக் கத்தரித்து, பளபளவென்று ஒட்டுத்தாள் போட்டு ஒட்டியிருந்தார்கள். மருந்துக்கடைக்காரருக்கு இப்போது எழுபது வயதிருக்கும். அவர்களைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"வாங்க வாங்க! எழுத்தாளர் வந்திருக்காங்க!" மருந்து வாங்க நின்ற இரண்டு பேரைப் பார்த்தார். "இந்தப் பிள்ளைதான் அது. நெத்தியில தழும்பு இருக்கு பாருங்க. அன்னைக்கு என்ன மழை தெரியுமா? நான் ஷட்டரைப் பாதி இறக்கிட்டேன். அப்பதான் இந்தத் தங்கச்சி பிள்ளையோட ஓடி வருது. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. ஆணியில தொங்கின குடையை எடுத்துட்டு ஓடினேன்."

வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கொடுத்தது யார் என்று சின்னவளுக்குத் தெரியும். அவர் பொய் சொல்லவும் இல்லை. முகத்தில் அத்தனை தெளிவு, அத்தனை மழையும் அவர் கண்ணுக்கு முன்னால் பெய்துகொண்டிருந்தது.

"குடைதான் திரும்பி வரவே இல்லை" என்று சிரித்தார் அம்மாவிடம். "போகட்டும் தங்கச்சி. அதைப் போய்க் கேப்பேனா? பிள்ளை பொழைச்சுதே, அது போதும்."

"மாமா" என்றாள் சின்னவள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "அன்னைக்கு மழை பெய்யலை. நல்ல வெயில். நீங்க குடை கொடுக்கலை. அம்மா பஞ்சு கேட்டாங்க. தரையெல்லாம் ரத்தம் ஆகுதுன்னு சொன்னீங்க."

நின்ற இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு அவர் கண்ணாடியில் ஒட்டியிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார். சின்னப் பிள்ளையின் விளையாட்டைப் பொறுத்துக்கொள்கிறவர் மாதிரி அவள் தலையைத் தொட்டார்.

"உனக்கு மூணு வயசும்மா, உனக்கு என்ன ஞாபகம் இருக்கும்? நீயே எழுதியிருக்கே, இப்ப நீயே இல்லைங்கிறியே!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் அவள், இப்போது தோண்டிக் காட்டினாலும் யாரும் பூசணிக்காய் என்று ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை. அம்மா சொட்டு மருந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "வரேன் அண்ணே" என்று படி இறங்கினாள்.

இரண்டு பேரும் தெருமுனையை நெருங்கினார்கள். தூறல் மறுபடி தொடங்கியது. அம்மா ஒரு கடையின் கூரைக்கு அடியில் ஒதுங்கி நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இருபத்திரண்டு வருஷமா அந்த ஆள்கிட்ட மருந்து வாங்குறேன்" என்றாள். "ஒரு நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசினதில்லைடீ. சில்லறையைக் கொடுக்கும்போதுகூடத் தலையைக் குனிஞ்சுக்குவார். நான் போனா சட்டுனு உள்ள போய் ஆளை அனுப்புவார். எனக்கு அது போதும்னு இருந்தேன். அவர் செஞ்சது அவருக்குத் தெரியுமே, அது போதும்னு. எனக்கு இருந்தது அது ஒண்ணுதான்."

"அம்மா..."

"இன்னைக்கு நிமிர்ந்து பார்த்தார்" என்றாள் அம்மா. "நான்தான் குனிஞ்சுக்கிட்டேன்."

மழை வலுத்தது. பக்கத்தில் ஒதுங்கி நின்றவர்கள் இன்னும் கொஞ்சம் நெருக்கி இடம் விட்டார்கள்.